ஆதிரையிடம் யார் கேட்டார்கள்?

பாடசாலைச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களை நூலகத்தில் எடுத்துப் புரட்டினால், 'தொலைக்காட்சித் தொடர்களும் சீரழியும் சமூகமும்' என்ற பாணியில் ஒரு கட்டுரையாவது கண்ணில் படும். எழுதியவர் மாறுவார், கட்டுரை மாறாது. மாமியார் மருமகள் சண்டை, நகை மோகம், பாடம் கெடுதல், தொழுகை பிந்துதல் என்று வரிசையாக வந்து, பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று முடியும். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் தொடரை மட்டுமே பார்த்தார்கள். தொடரைப் பார்த்தவர்கள் மறுநாள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. நான் எழுத வந்தது அந்தப் பேச்சைப் பற்றித்தான்.

அதைக் கேட்கும் வசதி எனக்கு வாய்த்ததற்குக் காரணம் வாப்பாவின் கடை. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், தோட்டத்துக்கு ஏறும் சந்தியில் இருக்கும் சின்னப் பலசரக்குக் கடை அது. விடுமுறை நாட்களில் பின்னேரம் கல்லாவில் நான்தான் இருப்பேன். கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும் அக்காமார் மா, சீனி, பருப்பு என்று வாங்குவார்கள். பத்தாம் திகதி சம்பளத்தில் தருவதாகச் சொல்லிக் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். ஆனால் உடனே போய்விட மாட்டார்கள். ஐந்து நிமிடம் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் விலைவாசியும் வராது, தொழிற்சங்கமும் வராது. முந்தின இரவு ஒன்பதரைக்குக் குணசேகரன் என்ன செய்தான் என்பதுதான் வரும்.

'எதிர்நீச்சல்' பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (அப்படி யாரும் இருந்தால்! "நான் அதெல்லாம் பாக்கிறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அடுத்த திருப்பத்தைச் சரியாகச் சொல்லும் வாப்பாமாரை நான் அறிவேன்.) திருச்செல்வத்தின் இயக்கத்தில் சன் தொலைக்காட்சியில் 2022 பெப்ரவரி 7 ஆம் திகதி தொடங்கிய தொடர் அது. மதுரையில் ஒரு பெரிய வீடு. மூத்தவர் ஆதி குணசேகரன். அவருக்கு மூன்று தம்பிமார், ஒரு தங்கை. அந்த வீட்டுக்கு வாழ வந்த ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நால்வரும் படித்த பெண்கள். படித்த பெண்தான் வேண்டும் என்று தேடிக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திய வீடு அது. ரேணுகாவுக்குப் பரதம் தெரியும். நந்தினிக்குத் தன் சமையலைத் தொழிலாக்க ஆசை. கடைசியாக வந்த ஜனனி கேள்வி கேட்கிறாள். பட்டம்மாள் அப்பத்தாவின் பெயரில் இருக்கும் 40 சதவீதச் சொத்துக்காக ஒரு நீண்ட இழுபறி நடக்கிறது. எங்கள் சந்தியில் சதவீதக் கணக்குப் படிக்காத பிள்ளைக்கும் அந்த 40 சதவீதம் தெரியும்.

குணசேகரனாக நடித்தவர் மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய படங்களை இயக்கியவர். 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி, இந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்று பின்னேரம் கடைக்கு வந்தவர்கள் தங்கள் லயத்தில் ஒரு சாவு விழுந்ததைப் போலத்தான் பேசினார்கள். எனக்கு அது வியப்பாக இருந்தது. முந்தின நாள் வரை அவனைச் சபித்தவர்கள் இவர்கள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டேன். "அந்த மனுசன் நடிச்சதாலதான் பாப்பா எங்க வீட்டு மனுசனப் பாத்து எங்களுக்குச் சிரிக்க முடிஞ்சிச்சு" என்றார் ஒருவர். வீட்டில் பயந்த ஆளைத் திரையில் பார்க்கும்போது அவன் கொஞ்சம் கோமாளியாகவும் தெரிவான். மாரிமுத்து தந்தது அதைத்தான். அவருக்குப் பின் அந்தப் பாத்திரத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி பெரிய எழுத்தாளர், 'குற்றப் பரம்பரை' நாவலைத் தந்தவர். அவருடைய குணசேகரனைப் பார்த்தால் பயம் வருகிறது, சிரிப்பு வருவதில்லை.

அந்தச் சிரிப்புக்கும் ஒரு விலை இருந்தது. "ஏம்மா ஏய்" என்ற அந்தக் குரலைப் பஸ்ஸில் வரும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். புத்தகப் பையோடு இறங்கும் எங்களைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கேலி செய்யப்பட்டவனின் குரலையே எடுத்து எங்களைக் கேலி செய்தார்கள். வில்லனை ரசிக்கவைத்தால் இப்படியும் நடக்கும் என்பதை இயக்குநர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

2024 ஜூன் 8 ஆம் திகதி முதற்பருவம் முடிந்தது. குணசேகரன் சிறைக்குப் போனார், பெண்கள் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். அதே ஆண்டு டிசெம்பர் 23 ஆம் திகதி 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பருவம் வந்தது. ஜனனிக்கு முகம் மாறியிருந்தது. மதுமிதா இருந்த இடத்தில் பார்வதி. அது பெரிய குறையல்ல, ஒரு மாதத்தில் பழகிவிட்டது. என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. குணசேகரன் வெளியே வந்துவிட்டார். அந்தப் பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வென்றது ஒன்றுமில்லை என்று ஆனது. மறுபடியும் அதே வீடு, அதே படிக்கட்டு, அதே மிரட்டல். அவர்கள் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டால் தொடர் நின்றுவிடும், விளம்பரமும் நின்றுவிடும். அவர்கள் அடைபட்டிருப்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. இதை நான் கடையில் ஆவேசமாகச் சொன்னபோது ஓர் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வராம இருப்பானா பாப்பா? பொலிஸ் புடிச்சிட்டுப் போனவன் மூணா நாளே வந்து அதே வாசல்ல ஒக்காந்து சோறு கேக்குறான். அதுக்குப் பொறகு என்னா செய்யிறதுங்கறதுதானே கத."

நான் அவரோடு இன்னும் உடன்படவில்லை. சிறைக்குப் பிறகு அந்த நான்கு பெண்களும் தம் காலில் நிற்பதையே ஒரு கதையாக எடுத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. தொழில் தொடங்குவதில் இல்லாத சிக்கலா? கடை வைத்திருப்பவர் மகளுக்கு அது தெரியாதா? ஆனால் தொடரின் முடிவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது ஒரே விஷயத்தை அல்ல என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கியது.

2025 இல் ஈஸ்வரி தாக்கப்பட்டு நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்த வாரங்களைச் சொல்ல வேண்டும். ஈஸ்வரியாக நடித்த கனிகா தொடரைவிட்டு விலகுகிறார் என்றொரு கதை பரவியிருந்தது. ஆகவே ஈஸ்வரி எழும்புவாளா, இல்லையா என்பதுதான் சந்தி முழுவதும் பேச்சு. தர்ஷனும் பார்கவியும் சேர்வார்களா என்ற கேள்விகூட இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. "இத்தன வருசம் பொறுத்தது அவ குத்தம், நானா இருந்தா மொத நாளே போயிருப்பேன்" என்றார் ஒருவர். வழக்கமாகப் பேசாமல் நிற்கும் இன்னொருவர், "போறதுன்னா எங்க போறது? அவளுக்குன்னு ஒரு வீடு இருக்கா?" என்று கேட்டார். பேச்சு நின்றுவிட்டது. லயக் காமரா யாருடைய பெயரிலும் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பேசாத அக்கா தனியாக வந்தார். தீப்பெட்டி ஒன்று வாங்கினார். பிறகு கேட்டார்.

"ஈஸ்வரி ஏன் பாப்பா பொலிசுக்குப் போகல? போனா என்னா நடக்கும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கென்று 2005 இல் 34 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இங்கே வந்தது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிப்பவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூட நீதவான் கட்டளையிடலாம். பொலிஸில் பெண்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. 1938 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்து உதவி கேட்கலாம். இதையெல்லாம் குடியியல் பாடத்திலும் ஒரு கருத்தரங்கிலும் கேட்டிருந்தேன். "அப்ப ஈஸ்வரி அந்த நம்பருக்கு அடிக்கலாம்" என்றார். "அடிக்கலாம் அக்கா" என்றேன். பில் துண்டின் பின்புறத்தில் எழுதித் தரச் சொன்னார். மதுரையில் இருக்கும் ஈஸ்வரிக்கு இலங்கை இலக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தொடரைப் பற்றிய பேச்சு வெறும் வீண்பேச்சு என்பவர்களிடம் நான் காட்ட விரும்புவது அந்தப் பில் துண்டைத்தான். "என் புருஷன் அடிக்கிறார்" என்று ஒரு முதலாளியின் மகளிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? ஈஸ்வரியின் பெயரில் கேட்கலாம். பெயர் அவளுடையது, காயம் யாருடையதாகவும் இருக்கலாம்.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. என் சாச்சி சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். 2008 இல் அரபு நாடுகளெங்கும் 'நூர்' என்ற துருக்கித் தொடர் அரபுக் குரலோடு ஓடியதையும், மாலையில் எஜமானியம்மா தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிட்டால் சமையலறைக் கதவோரம் தானும் நின்று பார்த்ததையும் இப்போதும் கதையாகச் சொல்வார். நூரின் கணவன் முஹன்னத் மனைவியை மதிப்பவன், அவளுடைய தொழிலுக்குத் துணை நிற்பவன். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஒளிபரப்பான இறுதிப் பகுதியை எட்டரைக் கோடிப் பேர் பார்த்ததாக அந்த அலைவரிசை சொன்னது. சவூதியின் தலைமை முப்தி அதைப் பார்க்க வேண்டாம் என்று கண்டித்தார். அந்த நாயகன் அழகன் என்பதால்தான் பிரச்சினை என்று பலர் நினைத்தார்கள். சாச்சி வேறு விதமாகச் சொல்வார்: "அந்த வீட்டுப் பெண்டுகள் அவன்ட அழகப் பேசல மகள். அவன் பொஞ்சாதிக்கிட்ட கேட்டுக் கேட்டுச் செய்றான் எண்டுதான் பேசினாங்க." சாச்சிக்கும் அந்த அரபு வீட்டுப் பெண்களுக்கும் இடையே மொழியும் இல்லை, சமத்துவமும் இல்லை. நூரைப் பற்றி மட்டும் அரைகுறை அரபியில் ஒன்றாகப் பேச முடிந்திருக்கிறது.

'கேட்டுச் செய்வது' என்றதும் எனக்கு ஆதிரை நினைவுக்கு வருகிறாள். குணசேகரனின் தங்கை. அவள் விரும்பியது அருணை. அண்ணன் கணக்குப் போட்டது கரிகாலனை. முதற்பருவத்தில் அந்தக் கலியாணம் வலுக்கட்டாயமாக நடந்த நாட்களில் எங்கள் வகுப்பில் பாடம் ஏறவில்லை. அருண் வந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. ஜனனி இன்னும் முன்பே திட்டம் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. பெற்ற தாய் விசாலாட்சியே பேசாமல் நின்றதை மன்னிக்க முடியாது என்று மூன்றாவது கட்சி. கடையிலும் அதே பேச்சுத்தான். அங்கே ஓர் அக்கா என்னிடம் திரும்பி, "ஒங்க ஆளுங்க கலியாணத்துல பொண்ணு கையெழுத்துப் போடுவாளா பாப்பா?" என்று கேட்டார். அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டார்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நடக்கும் பதிவில் மணமகளின் கையொப்பத்துக்கு இடமில்லை. அவளுக்காக வலி ஒப்பமிடுவார். இது மார்க்கம் கேட்ட குறையல்ல. தந்தை தனக்குப் பிடிக்காத மணத்தைச் செய்துவைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த மணத்தையே ரத்துச் செய்தார்கள் என்பதை நாம் இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பதில் எமது உலமாக்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்படியானால் அந்தச் சம்மதம் படிவத்தில் ஏன் தெரியக்கூடாது? சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வெளிவந்தது 2018 இல். குழு அமைந்தபோது கைக்குழந்தைகூட அல்லாத நாங்கள் இப்போது உயர்தரம் எழுதப் போகிறோம். இதைக் கட்டுரைப் போட்டிக்கு எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள் என்று தெரியாது. ஆனால் ஆதிரையின் கலியாணத்தன்று கடையில் அது தானாகவே பேச்சாக வந்தது, உம்மா உட்பட எல்லோரும் பேசினார்கள். "எண்ட கலியாணத்துல என்னக் கேட்டாங்க, நான் ஒண்டும் சொல்லல, சிரிச்சன்" என்றார் உம்மா. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லையாம். வாப்பா கணக்குக் கொப்பியைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன என்பதற்கு மாறான ஓர் ஆய்வும் உண்டு. ரொபர்ட் ஜென்சன், எமிலி ஒஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஐந்து இடங்களில் 180 கிராமங்களின் பெண்களிடம் 2001 முதல் 2003 வரை திரட்டப்பட்ட தகவல்களை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் கேபிள் தொலைக்காட்சி புதிதாக நுழைந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்திருந்தது. 2009 இல் வெளியான அந்த ஆய்வு, தொடர்கள் நல்லவை என்று சான்றிதழ் தரவில்லை. அந்தத் தொடர்களிலும் அடியும் அழுகையும் நிறைய இருந்திருக்கும். ஆனாலும் வேறு வீட்டைப் பார்த்த பெண் தன் வீட்டையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பாத்திரங்களின் விதியைப் பற்றிச் சண்டையிடுவது தமிழுக்குப் புதிதா என்ன? கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று மேடை போட்டுப் பேசியவர்கள் நாம். கைகேயி செய்தது சரியா, கர்ணன் யார் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று நடுவர் வைத்து, மணி அடித்துப் பேசுகிறோம். அதற்குப் பெயர் பட்டிமன்றம், அதற்குப் பரிசும் உண்டு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஈஸ்வரி செய்தது சரியா என்று பேசினால் மட்டும் அது வம்பாகிவிடுகிறது. நடுவரும் மணியும் இல்லாததைத் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. நியாயமாகச் சொன்னால், கடையில் நான் கேட்ட வாதங்கள் சில மேடைகளில் கேட்டதைவிடக் கூர்மையானவை. மனப்பாடம் செய்து வந்து பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். ஒன்பதரைக்குத் தொலைக்காட்சியை நிறுத்துவது உங்கள் உரிமை, பரீட்சைக் காலத்தில் நானே அதை நிறுத்தச் சொல்வேன். நிறுத்தாத நாட்களில் ஒரே ஒரு கேள்வியை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்: "அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய்?" வரும் பதிலில் பாதி ஆதிரையைப் பற்றி இருக்கும். மீதிப் பாதியை நீங்கள் வேறு எந்த வழியிலும் கேட்டு அறிய முடியாது.

தமிழ்மன்றத்திடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுத் தமிழ்த்தின விழாவில் கண்ணகிக்கும் மாதவிக்கும் ஓர் ஆண்டு ஓய்வு கொடுப்போம். 'ஆதிரை மணமேடையிலிருந்து எழுந்து போயிருக்க வேண்டும், வேண்டியதில்லை' என்று தலைப்பு வைப்போம். பார்வையாளர் வரிசையில் உம்மாமாரையும் தோட்டத்து அக்காமாரையும் அமர்த்துவோம். இறுதியில் அவர்களும் எழுந்து பேச இடம் தர வேண்டும். முதல் அணியில் என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் அணிக்குப் பேச, "போறதுன்னா எங்க போறது?" என்று கேட்ட அக்காவை அழைத்து வருவது என் பொறுப்பு. அவர் வந்து அதே கேள்வியைக் கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் இன்னும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.